தவறி அடித்த காசும் அடிபட்ட காசும்

கொச்சி கலூர் தனியார் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் முழுக்கக் கைமாறும் சில்லறையில் சேதமில்லாத காசு குறைவுதான். விளிம்பு நசுங்கியது, சிங்க முகம் தேய்ந்தது, காயல் காற்றின் உப்பில் கறுத்தது, யாரோ ஆணியால் கீறியது என்று எல்லா ரகமும் கண்டக்டரின் தோல்பையில் இருக்கும். எப்போதாவது ஒரு முறை, நாணயச் சாலையிலேயே பிழையோடு பிறந்த காசு ஒன்றும் அதற்குள் வந்து சேரும். சேகரிப்பாளர்கள் ‘எரர் காயின்’ என்று தேடுவது அதைத்தான். மட்டாஞ்சேரி யூதத் தெருக் கடைகளிலும், எங்கும் நடக்கிற நாணயக் கண்காட்சிகளிலும் அந்தப் பெயரைச் சொல்லி அடிபட்ட காசு விற்கப்படுகிறது. வாங்கும் முன் இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் காசைப் பார்த்து ஒரு கேள்வி போதும்: இந்த மாற்றம் அச்சு விழுவதற்கு முன் நடந்ததா, விழும்போது நடந்ததா, விழுந்த பிறகு நடந்ததா? முதல் இரண்டும் பிழை. மூன்றாவது சேதம். பதிலைக் காசே சொல்லும். அதற்கு உலோகம் எங்கே போனது என்று மட்டும் தேடுங்கள். அச்சுக்கு அடியில் உலோகம் பல டன் அழுத்தத்தில் வழிந்து ஓடி, அச்சின் பள்ளங்களை நிரப்பும். ஆலையை விட்டு வெளியே வந்த காசில் உலோகம் அப்படி வழிவதே இல்லை. அது ஒதுங்கும், கிழியும், தேயும், கரையும். இந்த வித்தியாசம் பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரியும்.

காசு பிறக்கும் விதம்

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லை வெட்டுவார்கள். வியாபாரிகள் இதை ‘பிளாங்க்’ என்பார்கள். வில்லையை உலையில் சூடாக்கி இளக்கி, கழுவி, ஓரத்தை உருட்டி லேசாக மேடேற்றுவார்கள். பிறகு அது அச்சு எந்திரத்துக்குப் போகும். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, சுற்றிலும் ‘காலர்’ என்னும் வளையம். மேல் அச்சு இறங்கும் அந்த ஒரு நொடியில் இரண்டு முகமும் விளிம்பும் ஒன்றாக உருவாகின்றன. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல், எல்லாம் ஒரே அடியில் உருவாகிறது என்பதை வைத்தே நடக்கும்.

தேவையான கருவிகள் கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன மின்தராசு, ஒரு காந்தம், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசை விளக்கு. நேர் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தோன்றும். விளக்கைத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும், உண்மை தெரியும்.

பிழையே அல்லாதவை

முதலில் ஒரு பெரிய கூட்டத்தை ஒதுக்கிவிடலாம். ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அது நொய்டா ஆலையின் அடையாளம். வைரம் போன்ற குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத். எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1990-களின் இறுதியில் நம் காசுகள் மெக்ஸிகோ, பிரிட்டோரியா, கொரியாவின் டேகு, ஸ்லோவாக்கியாவின் க்ரெம்னிகா, மாஸ்கோ ஆலைகளிலும் அடிக்கப்பட்டன. அவற்றின் குறிகளைப் பார்த்து ‘அச்சு மாறிப்போன காசு’ என்று கூடுதல் விலை சொல்பவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு இருக்கலாம். ஆனால் பிழை என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தாது.

பத்து ரூபாய்க் காசின் வடிவங்களும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் இதை வாங்க மறுத்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. வடிவம் வேறு என்பதால் கள்ளக் காசும் அல்ல, பிழைக் காசும் அல்ல.

கடித்தது போன்ற காசு

சந்தையில் அதிகம் போலியாகச் செய்யப்படுவது இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தகட்டில் ஒரு வில்லை வெட்டியபின் தகடு சரியாக நகராவிட்டால், அடுத்த வெட்டு முந்தைய ஓட்டையின் மேல் ஏறிவிடும். கிடைக்கும் வில்லையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இருக்காது. அந்தக் குறையோடுதான் அது ஓரம் உருட்டப் போகிறது, அச்சுக்கும் போகிறது. இரண்டு இடத்திலும் தடயம் விட்டுச் செல்கிறது.

ஒரு ரூபாய் எஃகுக் காசு ஒன்றில் பிறைவெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கு நேர் எதிரே, மறு ஓரத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு மேடு மங்கி, சில சமயம் காணாமலே போயிருக்கும். ஓரம் உருட்டும்போது வெட்டுப் பக்கத்தில் பிடிமானம் இல்லாததால், எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் சரியாக விழவில்லை. இந்த எதிர்ப்பக்க மங்கலை வீட்டில் செய்வது மிகக் கடினம். அடுத்து, வெட்டை ஒட்டிய எழுத்துகளைப் பாருங்கள். மெய்யான பிழையில் அவை வெட்டை நோக்கிச் சரிந்து, இழுபட்டு, மெலிந்து முடியும். அச்சு விழுந்தபோது உலோகம் அந்த வெற்றிடத்துக்குள் வழிந்திருக்கிறது. அரத்தால் ராவியோ கத்தரியால் நறுக்கியோ செய்த காசில், எழுத்து முழு உயரத்தோடு வந்து வெட்டின் ஓரத்தில் சட்டென்று அறுபட்டிருக்கும். வெட்டுப்பட்ட முகத்தில் அரத்தின் இணைகோடுகள் தெரியும். விரலால் தடவினால் பிசிறு தட்டும்.

தராசு இங்கே உதவாது. மெய்யான வெட்டானாலும் போலி வெட்டானாலும் எடை குறையத்தான் செய்யும்.

மேடும் பள்ளமும்

காசின் மேல் கூடுதலாக ஒரு மேட்டுக்கோடு ஓடினால் மகிழலாம். அச்சில் விரிசல் விழுந்து, அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறியிருக்கிறது. விளிம்பை ஒட்டி அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்திருந்தால், அந்த இடத்தில் எழுத்தில்லாத குமிழ் போன்ற மேடு உருவாகும். காசு ஆலையை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு மேட்டைச் சேர்க்க வேண்டுமானால் பற்றவைக்க வேண்டும். அப்போது நிறமும் பளபளப்பும் மாறிக் காட்டிக்கொடுக்கும். மறுபக்கமும் பாருங்கள். ஆணியால் குத்தியதால் இந்தப் பக்கம் புடைத்தது என்றால் அந்தப் பக்கம் குழி இருக்கும்.

கீறல் என்பது பள்ளம். உலோகம் அங்கிருந்து ஒதுங்கி, பள்ளத்தின் இரு கரையிலும் மெல்லிய வரப்பாக நிற்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். எல்லாப் பள்ளமும் சேதமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூல், உலோகத் துணுக்கு, மசகு ஏதாவது சிக்கிக்கொண்டால் அதன் தடம் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்தின் கரைகள் வரப்பில்லாமல் வழுவழுவென்று இருக்கும். அடிப்பரப்பும் சுற்றுப்புறம் போலவே மினுங்கும். மசகும் தூசியும் அச்சின் எழுத்தை அடைத்துக்கொண்டால் காசில் ஒரு எழுத்தோ ஆண்டின் ஒரு இலக்கமோ வராமல் போகும். ‘ஆண்டு இல்லாத காசு’ என்று விற்பதில் பெரும்பகுதி இந்த வகை, அல்லது யாரோ சுரண்டி எடுத்தது. சுரண்டிய இடத்தில் சாய்வெளிச்சம் விழுந்தால் நுண்கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிறதே என்று பலர் பரபரப்படைவார்கள். எழுத்தின் ஒரு பக்கத்தில் படிக்கட்டு போலத் தட்டையான ஒரு அடுக்கு மட்டும் இருந்தால், அடி விழுந்த கையோடு தளர்ந்த அச்சு லேசாக அசைந்திருக்கிறது என்று பொருள். ஆலையில் நடந்ததுதான் என்றாலும் மிகச் சாதாரணம். கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்திருந்தால், இரண்டு எழுத்தும் முழு உயரத்தோடு, உருண்ட முகத்தோடு, நுனிகள் பிளந்து நிற்கும். அதுதான் தேடத் தக்கது.

விலகிய அடி, விரிந்த அடி, கண்ணாடி அடி

வில்லை சரியாக உட்காராமல் ஓரமாக இருக்கும்போது அச்சு விழுந்தால், ஒரு பக்கம் படமும் மறுபக்கம் வெறும் பிறையுமாகக் காசு வரும். இதைப் போலியாகச் செய்வது அரிது, அதனால் தொடக்கக்காரர்கள் இங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. வெறும் பகுதி இரு முகத்திலும் ஒரே இடத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே அடியில் இரு முகமும் உருவாவதால், அது பொருந்தியே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் தெரிகிற காசைச் சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்புவார்கள்.

காலர் இல்லாமல் அடித்த காசு வழக்கத்தைவிட அகன்றிருக்கும். தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய காசும் அகன்றுதான் இருக்கும். எடை இரண்டிலும் குறையாது. அப்படியானால் எப்படிப் பிரிப்பது? காலர் தவறிய காசில் நடுவே சிங்கங்கள் கூர்மையாக நிற்கும், ஓரத்து எழுத்து மட்டும் வெளிநோக்கி விரியும். ரயில் ஏறிய காசில் உருவம் முழுவதும் மழுங்கி, வடிவமும் நீள்வட்டமாகியிருக்கும். துணி துவைக்கும் எந்திரத்தின் டிரையரில் சிக்கிச் சுழன்ற காசு ஒன்றும் உண்டு. அதன் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு எழுத்தை மூடத் தொடங்கியிருக்கும். ஆலையில் அப்படி நடக்க வழியே இல்லை.

வியாபாரிகள் ‘லக்கி’ என்று அழைக்கும் காசு எல்லோரையும் கவர்வது. அடித்த காசு வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் தானே அச்சாக இறங்குகிறது. விளைவு, ஒரு முகம் சரியாக இருக்கும். மறுமுகத்தில் அதே படம் இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கும். இரண்டு காசைப் பட்டறை வைஸில் வைத்து இறுக்கினாலும் பள்ளமான தலைகீழ்ப் படம் கிடைக்கும் என்பதுதான் ஆபத்து. சோதனை இது: மெய்யான காசில் அந்த முகத்துக்கு உரிய சொந்தப் படம் அறவே இருக்காது, ஏனென்றால் அச்சு அதைத் தொடவே இல்லை. வைஸில் நசுக்கியதில் சொந்தப் படம் மேடாக இருந்துகொண்டிருக்க, அதன் தலையில் அந்நியப் படம் குழிந்திருக்கும். மேடுகளின் உச்சியும் தட்டையாகி மினுங்கும்.

இரு பக்கமும் தலை உள்ள காசு பெரும்பாலும் மாயவித்தைக்காரருக்காகச் செய்தது. இரண்டு காசைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்துவார்கள். விளிம்பு மேட்டின் உட்புறத்தைச் சுற்றி லென்ஸை ஓட்டினால் மயிரிழைத் தையல் தெரியும். கல்தரையில் போட்டால் ஒலி செத்திருக்கும்.

அச்சு திரும்பியிருப்பதும் நம் காசுகளில் அடிக்கடி காண்பது. குடியரசு இந்தியக் காசை இடமிருந்து வலமாக, புத்தகத் தாளைப் புரட்டுவது போலத் திருப்பினால் மறுமுகமும் நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொருட்படுத்த வேண்டாம். முழுத் தலைகீழாக இருந்தால் எடுத்து வையுங்கள்.

பத்து ரூபாயின் நடுவட்டு

இரட்டை உலோகக் காசில் வளையமும் நடுவட்டும் தனித்தனி வில்லைகள். அச்சு விழும் அடியில்தான் இரண்டும் இறுகி ஒன்றாகின்றன. நடுவட்டு ஓரம் தள்ளிப்போய் அச்சான மெய்யான காசில், படம் நடுவட்டையும் வளையத்தையும் தாண்டி இடையறாமல் ஓடும். உலோகங்களின் எல்லை மட்டும் கோணியிருக்கும்.

நடுவட்டைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தி ‘அபூர்வப் பிழை’ என்று விற்பது இப்போது பெருகியிருக்கிறது. ரூபாய்க் குறி வந்த 2011 வரிசைக் காசில் சிங்கங்கள் நடுவட்டிலும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் நாட்டின் பெயர் வளையத்தின் இடவலப் பக்கங்களிலும் இருக்கின்றன. சிங்கம் சாய்ந்து, நாட்டின் பெயர் நேராக இருந்தால், அந்தக் காசை மனிதக் கைதான் திருப்பியது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு உருவங்கள் ஒன்றைவிட்டு ஒன்று திரும்பவே முடியாது. நடுவட்டு இல்லாத வளையமும் அப்படியே. அடிக்கும்போதே நடுவட்டு இல்லாதிருந்தால் உலோகம் உள்நோக்கி வழிந்து துளையின் ஓரம் உருண்டிருக்கும். பிறகு கழற்றியது என்றால் துளையின் சுவர் நேராக, உராய்வுக் கோடுகளோடு இருக்கும்.

எடையும் காந்தமும் உப்பும்

தவறான வில்லையில் அடித்த காசைத் தராசுதான் கண்டுபிடிக்கும். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். இரண்டு ரூபாய்ப் படம் போட்ட காசு 3.79 கிராமில் நின்று, ஓரத்தில் எழுத்தும் இடம் போதாமல் வெட்டுப்பட்டிருந்தால் ஒரு ரூபாய் வில்லையில் அடித்திருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. பழைய செப்புநிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம், காந்தத்தில் ஒட்டாது. எஃகுக் காசு ஒட்டும்.

அமிலத்தில் போட்டு மெலிய வைத்த காசைத்தான் ‘மெல்லிய வில்லைப் பிழை’ என்று அதிகம் விற்கிறார்கள். அமிலம் எல்லாப் பக்கமும் தின்னும். குறுக்களவும் சுருங்கி, எழுத்து கரைந்து, பரப்பு சொரசொரப்பாகியிருக்கும். மெய்யாகவே மெல்லிய வில்லையில் அடித்திருந்தால் குறுக்களவு சரியாக இருக்கும். உயரமான மேடுகள் மட்டுமே நிரம்பாமல் மங்கியிருக்கும்.

நிறத்தை நம்பி இந்தக் கடலோரத்தில் காசு வாங்காதீர்கள். கொச்சியின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மஞ்சள் ஐந்து ரூபாயிலிருந்து துத்தநாகம் அரிபட்டு, செம்பு நிறம் மேலேறும். அலுமினியப் பத்துக் காசில் வெள்ளைப் பொடியும் குழியும் விழும். செப்புநிக்கல் கறுத்துப் பச்சை பூக்கும். இவை எல்லாம் இயற்கையின் வேலை, ஆலையின் வேலை அல்ல.

துளையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்குத் துளை இயல்பாகவே உண்டு. அந்தக் காசில் துளை இல்லாமலோ விலகியோ இருந்தால்தான் பிழை. மற்றக் காசுகளில் துளை என்றால் தாயத்துக் கயிறு, கொலுசு, அரைஞாண் என்று ஏதோ ஒன்றுக்காகத் துளைத்தது. உருச்சிதைந்த காசு சட்டப்படி செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய கொச்சிக் காசுகளுக்கு வேறு அளவுகோல்

மட்டாஞ்சேரியில் தேடுபவர்களுக்காக இதைத் தனியே எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன விதிகளை இங்கே அப்படியே பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். கொச்சி அரசின் சங்கு பொறித்த சின்ன வெள்ளிப் புத்தன் கையால் அடித்தது. காலர் கிடையாது, வட்டமும் ஒன்றுபோல் இருக்காது. சங்கு பாதி வெளியே போயிருப்பது அந்தக் காசின் இயல்பு. டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்த காலத்தில் புழங்கிய செப்புத் துட்டு, டச்சுக் கம்பெனியின் ‘விஓசி’ என்ற கூட்டெழுத்தோடு நெதர்லாந்தின் மாகாண ஆலைகளில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்ததுதான். அதிலும் கூட்டெழுத்து ஓரம் தள்ளியிருப்பது வழக்கம். ‘விலகிய அடி, அபூர்வம்’ என்று யாராவது விலை ஏற்றினால் ஏற்க வேண்டாம். இரண்டு முறை அடித்ததும், லக்கியும் மட்டுமே இந்தக் காசுகளில் பிழையாகக் கருதத் தக்கவை. திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சியை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். எது இயல்பு என்று கண் பழகிவிடும்.

சேதம் என்றாலே தள்ளிவிட வேண்டியதும் இல்லை. புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனி காலத்து வெள்ளி ரூபாயில் காசு மாற்றும் சராப்புக்காரர் தரம் பார்த்துக் குத்திய சின்னஞ்சிறு முத்திரைகள் இருக்கும். இரண்டும் ஆலைக்கு வெளியே நடந்தவை. ஆனால் அந்தக் காசு யார் கையில் எப்படிப் புழங்கியது என்பதன் சாட்சி அவை. நான் அப்படிப்பட்ட காசை மதிப்பேன், சேதம் என்று தெளிவாக எழுதிவைத்துத்தான் மதிப்பேன்.

அனுமன் அல்லது ராமர் தர்பார் படம் போட்டு, ‘கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா, 1818’ என்று வரும் செப்பு வில்லையை மட்டும் கையாலும் தொட வேண்டாம். கம்பெனி அப்படி ஓர் அரையணா அடித்ததே இல்லை. தமிழ்நாட்டில் அரிசியை ஈர்க்கும் ‘ரைஸ் புல்லர்’ என்று சொல்லிக் குடும்பங்களைக் கடனில் தள்ளிய மோசடிகளில் இந்த வகை வில்லைகள் புகுந்திருக்கின்றன.

வாங்கும் இடத்தில்

கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள். “சேட்டா, இதைக் கொஞ்சம் எடை போட்டுப் பாத்துக்கறேன்” என்றால் நேர்மையான கடைக்காரர் தராசையே எடுத்து வைப்பார். ஓரத்தைப் பார்க்க விடாமல் அட்டைக்குள் வைத்து மூடிய காசை, அட்டையைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். பாதித் தடயம் விளிம்பில்தான் இருக்கிறது. பக்கத்தில் அதே ஆண்டு, அதே ஆலையின் நல்ல காசு ஒன்றை வைத்து ஒப்பிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

உங்களிடம் உள்ள காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் கமிஷன் அல்லது வரி அனுப்பச் சொல்லும் அழைப்புகள் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

பிழைக் காசு கிடைத்துவிட்டால் கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வழிந்த உலோகத்தின் மினுக்கம்தான் அதன் சான்று, தேய்த்தால் அது போய்விடும். பிவிசி உறையில் வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் பச்சைப் பிசின் படியும். அமிலமற்ற அட்டைக்குள் வைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள். அட்டையின் மேல் எடை, குறுக்களவு, ஆலை, கிடைத்த இடம், பிழை அச்சுக்கு முன்னா அச்சிலா என்பதைப் பென்சிலால் எழுதி, இரு முகத்தோடு விளிம்பையும் படம் எடுத்து வையுங்கள்.